விளக்கும் எண்ணெயும்

குடும்பம் இன்பக் கூடமா, இருட்டறையா? இவ்வினாவுக்கு இரு நூல்களால் இரு விடை தந்தவர் புரட்சிக் கவிஞர் பாரதிதாசன். 1942இல் வெளிவந்தது 'குடும்ப விளக்கு' முதற்பகுதி. 1944இல் வந்தது 'இருண்ட வீடு'. கூடி வாழ்வதன் இனிமையைக் காட்டிற்று முன்னது. படிப்பறியாக் குடும்பம் படும் பாட்டைக் காட்டிற்று பின்னது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கையில் மகிழ்ச்சியும் எழுகிறது. ஓர் ஐயமும் எழுகிறது. இரண்டையுமே எடுத்துரைக்க விழைகிறோம்.

முதலில் மகிழ்ச்சி. அரசனையும் ஆண்டவனையும் பாடிப் பழகிய நாட்டிலே, ஒரு வணிகர் வீட்டின் ஒரு நாளைப் பாட்டுக்குரிய பொருளாக்கினார் கவிஞர். அவ்வீட்டுத் தலைவி தங்கம் யாழிசைக்கிறாள். பிள்ளைகளுக்குப் பாடம் புகட்டுகிறாள். கடையில் அமர்ந்து வணிகமும் நடத்துகிறாள். இரவில் கணவனோடு உரையாடும்போதோ, நம் வீடு வாழ்ந்தது, தமிழுக்கும் தமிழர்க்கும் நாம் செய்தது என்ன என்று கவல்கிறாள். பெண் அடுப்பூதப் பிறந்தவள் என்றோர் முதுகில் விழுந்த சவுக்கடியன்றோ இது! நூலின் இறுதிப் பகுதியான 'முதியோர் காதல்' இன்னும் ஒரு படி மேல். உடலழகு உதிர்ந்த பின்னும் ஒருவர்க்கு ஒருவர் உடனிருத்தலே இன்பம் என்கிறது அது. குடும்பத்தின் பெருமையை இதைவிடப் பொருத்தமாக எவர் சொல்ல இயலும்?

இனி ஐயம். தங்கத்தின் அந்த ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். வாசலில் கோலம், மாட்டினிடம் பால், பாத்திரம் துலக்கல், சமையல், பிள்ளைகள், மாமன் மாமியர்க்குப் பணிவிடை, தையல், கடை, விருந்து! மற்றவர்க்கு வீட்டில் கழியும் பொழுது இன்பப் பொழுது. தங்கத்துக்கோ அதுவே வேலைப் பொழுது. அவள் கடைக்குச் சென்று கணவன் சுமையைப் பகிர்கிறாள். கணவனின் கை அதே அளவுக்கு அடுப்படியில் உழைக்கக் காணோம். விளக்கு என்று புகழ்ந்தோம். எரிவது யாருடைய எண்ணெய் என்று கேட்டோமா?

கவிஞரைக் குறை கூறுவதன்று நம் நோக்கம். 1942இல் அவர் எடுத்து வைத்த அடி பெரிது. அந்த அடியிலேயே நின்றுவிட்ட சமுதாயமே குற்றவாளி. கல்வி வந்தால் இருள் அகலும் என்றார் அவர். கல்வி வந்தது, பெண்கள் பட்டம் பெற்றனர், அலுவலகம் புகுந்தனர். அடுப்படியின் கணக்கு மாறிற்றா? இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பாருங்கள். ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். ஆண் செலவிட்டது 97 நிமிடம். அவள் ஐந்து மணி நேரம் உழைக்க, அவன் ஒன்றரை மணி நேரத்தோடு கை கழுவினான்!

பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்று 1989இல் சட்டம் செய்தது தமிழ்நாடு. அடுப்படியில் மகனுக்குச் சமபங்கு தர எந்தச் சட்டமன்றம் கூட வேண்டும்? அதற்குச் சட்டம் வேண்டா; மானம் போதும்.

விடுமுறைக்கு வீடு செல்லும் இளைஞர்களே! அன்னை சமைத்த உணவின் சுவையைப் பாடுகிறீர்கள். உற்றார் சூழ உண்டு மகிழ்கிறீர்கள். மகிழுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பந்தியில் ஓரிடம் வெறுமையாக இருக்கிறதே, கண்டீர்களா? பரிமாறிக்கொண்டு நிற்கிறார் அன்னை. எழுந்து, அந்தக் கரண்டியை வாங்குங்கள். அவரை அமரச் செய்யுங்கள். குடும்ப விளக்குக்கு நாம் வார்க்கும் முதல் துளி எண்ணெய் அதுவே.