முகம் உண்டு, பெயர் இல்லை: ஜூலியா மார்கரெட் கேமரூனின் இலங்கைப் படங்கள்

ஹதீஸ் வாசகங்களில் ‘ஒரு மனிதர் வந்தார்’, ‘ஒரு பெண் கேட்டார்’ எனப் பெயர் சுட்டப்படாமல் வருவோர் பலர். இத்தகையோரை ‘முப்ஹம்’ என்பர். அறிவிப்பாளர் வரிசையில் பெயர் மறைந்தால் ஹதீஸின் தரம் பாதிக்கப்படும். வாசகத்தினுள் மறைந்தால் தரத்திற்குக் குறைவில்லை. ஆயினும் இமாம் கத்தீப் அல்பக்தாதீ (ரஹ்) அப்பெயர்களைத் தேடித் தனி நூலே தொகுத்தார். இமாம் நவவீ (ரஹ்) அதனைச் சுருக்கித் தந்தார். பெயரின்றியும் பொருள் விளங்கும் இடத்தில்கூடப் பெயரைத் தேடிய மரபு நம்முடையது. அந்த அளவுகோலால் 19ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற உருவப்படக் கலைஞர் ஒருவரை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜூலியா மார்கரெட் கேமரூன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். அவருடைய கணவர் சார்லஸ் ஹே கேமரூன், இலங்கையின் ஆட்சிமுறையை மாற்றியமைத்த கோல்புரூக் – கேமரூன் ஆணைக்குழுவின் உறுப்பினர். அத்தீவில் காப்பித் தோட்டங்களுக்கும் உரிமையாளர். இங்கிலாந்தில் வாழ்ந்தபோது, 1863இல், ஜூலியாவின் 48ஆம் வயதில் அவருடைய மகள் ஒரு கேமராவைப் பரிசளித்தார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் எடுத்த படங்களே அவருக்குப் புகழ் தந்தன. 1875இல் தம்பதியர் இலங்கையில் குடியேறினர். 1879இல் அங்கேயே அவர் மறைந்தார். பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, அது உலருமுன் படமெடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. எதிரே அமர்பவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டும். அவ்வாறு அமர்ந்தவர்களுள் கவிஞர் டென்னிசன், வானியலாளர் ஹெர்ஷல், அறிஞர் கார்லைல், டார்வின் ஆகியோர் உண்டு. படத்தின் கீழ் அவர்களுடைய கையொப்பத்தையும் கேட்டுப் பெறுவது ஜூலியாவின் வழக்கம். பெயரின் மதிப்பை அவர் நன்கு அறிந்திருந்தார் என்பதற்கு இதுவே சான்று.

இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியவை ஏறத்தாழ முப்பது. அவற்றில் பெரும்பாலும் உழைக்கும் எளியோரே உள்ளனர். 1878ஆம் ஆண்டுப் படமொன்றின் தலைப்பு, களுத்துறைக் குடியானவர் குழு என்பதே. அவர்கள் தமிழரா, சிங்களவரா என்பதைக்கூட அத்தலைப்பு சொல்வதில்லை.

1877இல் களுத்துறையில் அவருடைய விருந்தினராகத் தங்கிய ஓவியர் மரியான் நார்த், கடும் வெயிலில் கம்பளித் துணி போர்த்தித் தம்மை நிறுத்திப் படமெடுத்ததை நகைச்சுவையுடன் எழுதியுள்ளார். மற்றொரு செய்தியையும் அவர் பதிவு செய்கிறார். ஒரு மனிதரின் முதுகழகில் மயங்கிய ஜூலியா, தோட்டமே இல்லாத வீட்டிற்கு அவரைத் தோட்டக்காரராக அமர்த்தச் செய்தாராம். அம்மனிதரின் முதுகு வரலாற்றில் இடம்பெற்றது, பெயர் இடம்பெறவில்லை. அதே வெயிலில் நின்ற மற்றவர்கள் என்ன எண்ணினர் என்பதை எழுதி வைப்பாரும் இல்லை.

நியாயமும் சொல்லப்பட வேண்டும். மக்களை இனவகை மாதிரிகளாக்கிப் பட்டியலிட்ட காலனியப் படத்தொகுப்புகளின் வறட்சி ஜூலியாவிடம் இல்லை. அவருடைய இலங்கை முகங்களில் கண்ணியம் இருக்கிறது. நிறபேதம் மட்டுமே காரணம் என்பதற்கும் இல்லை. 1868இல் அவர் எடுத்த அபிசீனிய இளவரசர் அலமாயுவின் படம் பெயருடனேயே உள்ளது. இங்கிலாந்தில் அவருடைய பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயரும் நிலைத்திருக்கிறது. ஆனால், இளவரசரும் அல்லாமல், தம் மொழி பேசும் பணியாளரும் அல்லாமல் எதிரே நின்றவரிடம் ‘உம் பெயர் என்ன?’ என்று கேட்டு எழுதத் தோன்றவில்லை. அழகுக்குப் பெயர் எதற்கு என்பார் உளர். அவ்வாறாயின் டார்வினிடம் கையொப்பம் வாங்கியது எதற்கு?

இது கலை விமர்சகரின் கவலை மட்டுமன்று. தமிழகத்திலிருந்து சென்று அம்மலைகளில் உழைத்தோரின் வழித்தோன்றல்களிடம் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தையோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அம்மண்ணில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. காட்ட முடியாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். பெயரை எழுதாமல் விடுவது சிறு கவனக்குறைவன்று என்பதை அவர்கள் வாழ்ந்து அறிந்தனர்.

புகைப்படம் கூடுமா, கூடாதா என்பது பற்றி நம் உலமாக்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அது நிழலைத் தடுத்து நிறுத்துவதேயன்றிப் படைப்பன்று எனக் கூறி எகிப்தின் முஃப்தி முஹம்மது பகீத் அல்முதீயீ அனுமதித்தார். துணைக்கண்டத்தின் தேவ்பந்த் அறிஞர்கள் பலர் மறுத்தனர். எடுப்பவருக்குரிய சட்டம் இவ்வாறு பேசப்பட்டது. எடுக்கப்பட்டவருக்குரிய ஹக்கு அந்த அளவிற்குப் பேசப்படவில்லை.

இக்குறை நமக்கும் உண்டு. மத்ரஸாக்களின் ஆண்டு மலர்களைப் புரட்டினால் விருந்தினர், புரவலர், நிர்வாகிகள் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஓரத்தில் நிற்கும் சமையற்காரரும் காவலரும் ‘மற்றும் பலர்’ ஆகிவிடுவர். விழுப்புரம், கண்டாச்சிபுரம் வட்டாரத்து வீடுகளின் பழைய படங்களிலும் இன்று பெயர் சொல்லக்கூடிய முதியோர் சிலரே எஞ்சியுள்ளனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறம் எழுதி வைப்பது கத்தீப் அல்பக்தாதீயின் பணியைச் சிறிய அளவில் தொடர்வதாகும்.