பழைய செஸ்னாவின் சுகம்

செஸ்னா 172 என்ற சிறுவிமானம் முதன்முதலில் பறந்தது 1955இல். இதுவரை 44,000க்கும் மேல் தயாராகிவிட்டன. அதனால் பழசுக்கும் உதிரிபாகம் கிடைக்கிறது.

பட்டுப்புடவையின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதுபோல, பழசை வாங்கும் விவரமானவர் பெயின்டை விட்டுவிட்டு லாக் புத்தகத்தைப் புரட்டுவார். லைகாமிங் எஞ்சினை ஏறக்குறைய 2,000 மணி நேரத்துக்கொருமுறை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். ஆயில் ஃபில்டரை அறுத்து, உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்ப்பார் மெக்கானிக். கடலோரம் நின்ற விமானமென்றால் அலுமினியத்தில் அரிப்பு தேடுவார்.

கிளம்புமுன் டேங்கின் அடியிலிருந்து குப்பியில் பிடிக்கும் பெட்ரோல் இளநீலம். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும்.

இறக்கை தலைக்கு மேலே. திருமுக்கூடல் மேல் பறந்தால், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் பின்சீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இருக்கை நான்குதான். நாலு பெரியவர்கள் ஏறினால், பெரும்பாலும் டேங்கை நிரப்ப எடை இடம் கொடுக்காது. பெட்டியைக் குறைக்கலாம், அல்லது பெட்ரோலை.