கொடுங்கையூரில் துக்கம் சத்தமாகத்தான் இருக்கும்

யாராவது ஓயாமல் புலம்பினால், "ஏன்டா முகாரி பாடுற?" என்று கேட்போம். அந்த ராகத்தை ஒருமுறைகூடக் கேட்காதவர்களும் இப்படிக் கேட்பார்கள். ஸ்வரங்களுக்கும் சோகத்துக்கும் அப்படி என்ன உறவு? பிறவியிலேயே மூளையில் இருப்பதா, பழகி வந்ததா?

இந்தக் கேள்வியை நம்ம ஊர் இசையை வைத்தே கேட்ட ஆய்வு ஒன்று 2012-ல் பிளாஸ் ஒன் இதழில் வந்தது. எழுதியவர்கள் டேனியல் பௌலிங், ஜனனி சுந்தரராஜன், ஷுயர் ஹான், டேல் பர்வ்ஸ். கர்நாடக இசை, மேற்கத்திய இசை, தமிழ்ப் பேச்சு, ஆங்கிலப் பேச்சு நாலையும் எடுத்து, உணர்ச்சிக்கு ஏற்ப சுருதி எப்படி மாறுகிறது என்று அளந்தார்கள். இரண்டு இசை மரபுகளும் ஏறத்தாழ ஒரே வழியில்தான் போகின்றன. பேச்சிலும் அதே சாயல் தெரிகிறது. ஆகவே இசை உணர்ச்சியின் வேர் மனிதக் குரலில் இருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

ராகத்தைப் பேச்சோடு சேர்த்துப் பார்த்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் இரண்டு குறை சொல்லியாக வேண்டும்.

முதலாவது சின்னது. இந்த ஆய்வு அளந்தது ஒலியை. யாருடைய மூளையையும் ஸ்கேன் செய்யவில்லை. இதைக் காட்டி "ராகம் மூளையை இப்படி மாற்றும்" என்று யாராவது சொன்னால் அது கூடுதல் பேச்சு.

இரண்டாவதுதான் பெரிசு. அந்த ஆய்வில் உணர்ச்சிகள் இரண்டே கட்டு. மகிழ்ச்சியும் துள்ளலும் ஒரு கட்டு, சோகமும் அடக்கமும் இன்னொரு கட்டு. கொடுங்கையூரில் ஒரு சாவு வீட்டு வாசலில் நின்றிருந்தால் இந்த முடிச்சு அவிழ்ந்திருக்கும். ராத்திரி மரண கானா நடக்கும். டோலக்கும் கைத்தட்டலும் வேகமாகப் போகும். பாடுகிறவர் செத்தவரின் வாழ்க்கையை உச்சக் குரலில் சொல்லிக்கொண்டு போவார். கூட்டம் ஒரு வரிக்குச் சிரிக்கும், அடுத்த வரிக்குக் கண்ணைத் துடைக்கும். விடிந்தால் பறைக்கு ஆடிக்கொண்டே பிணத்தைத் தூக்குவார்கள். இது சோகம்தான், ஆனால் அடங்கின சோகம் இல்லை. அந்த இரண்டு கட்டில் இதை எதில் வைப்பது?

1999-ல் பால்க்வில்லும் தாம்ப்சனும் செய்த ஆய்வு இங்கே உதவும். இந்துஸ்தானி இசை பழகாத மேற்கத்தியர்கள் அதில் மகிழ்ச்சி, சோகம், கோபம் மூன்றையும் அடையாளம் கண்டார்கள். அமைதி மட்டும் பிடிபடவில்லை. அதற்கு அவர்களுக்கு உதவியது ஸ்வரம் மட்டுமல்ல. வேகமும் மெட்டின் சிக்கலும்கூட. அப்படியானால் வேகமான துக்கத்தைக் கேட்டால் அதே காது என்ன சொல்லும்? சோதித்துப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

கானாவை "சத்தம்" என்று ஒதுக்கியவர்கள் உண்டு. தமிழ் இசைக்கு மாதிரி என்று சபா இசையை மட்டும் எடுத்தால், அறிவியலும் தெரியாமலே அதைத்தான் செய்கிறது. உலகத்துக்கே பொதுவான சோகம் எது என்று முடிவு கட்டும் முன், இந்தத் தெரு எப்படி அழுகிறது என்பதையும் அளக்கணும்.