எவ்வளவு ஓடிச்சு, எங்கே ஓடிச்சு?

கடலூரிலோ சிதம்பரத்திலோ பழைய கார் வாங்கப்போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி இதுதான்: "மாசம் எவ்வளவு ஓட்டுவீங்க?" ஆயிரத்து ஐநூறு கி.மீ.க்கு மேல் என்றால் டீசல், அதற்குக் கீழே என்றால் பெட்ரோல். கார் கன்சல்டிங்காரர், தெரிந்த மெக்கானிக், யூடியூப்பில் வண்டி காட்டுகிறவர் எல்லோரும் ஒரே பாடம்தான் சொல்கிறார்கள்.

இந்தப் பாடம் புதிதாக மேனுவல் கார் வாங்கியவர்களுக்காக, வேறொரு காலத்தில் உருவானது. பழைய ஆட்டோமேட்டிக் வாங்குகிறவரை இது தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும் என்பது என் வாதம். முட்டிவலியால் கிளட்ச் மிதிக்க முடியாதவர், ஐம்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டவர் என்று, இந்த வண்டியைத் தேடுகிற பலர் சேமிப்பைத் துடைத்துத்தான் வாங்குகிறார்கள். இன்னொரு தடவை வாங்கிப்பார்க்க அவர்களிடம் பணம் இருக்காது.

முதலில் கணக்கு. பெட்ரோல் விலைக்கட்டுப்பாடு 2010 ஜூனில் நீங்கியது, டீசலுக்கு 2014 அக்டோபர் வரை நீடித்தது. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். பெட்ரோல் ஆட்டோமேட்டிக் லிட்டருக்கு 14 கி.மீ., டீசல் 18 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், அன்று பெட்ரோல் காருக்கு ஒரு ரூபாய் ஆகும் தூரத்தை டீசல் கார் 44 காசில் கடந்தது. ஊரே டீசல் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியமில்லை.

இன்று பெட்ரோல் 102, டீசல் 94 என்று வைப்போம். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். அதற்கென்று வடிவமைக்காத பழைய கார்களில் மைலேஜ் 6–7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. எனவே 14 ஐ 13 ஆக்கிவிடுவோம். அப்படியும் அந்த 44 காசு இன்று 67 காசு. கி.மீ.க்கு மிச்சம் சுமார் 2 ரூபாய் 60 காசு. மாதம் 400 கி.மீ. ஓட்டுகிறவருக்கு வருடத்தில் சுமார் 12,600 ரூபாய் மிஞ்சும். தினமும் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர் மாதம் சுமார் 2,250 கி.மீ. ஓட்டுவார். அவருக்கு வருடத்தில் 70,000 ரூபாய் மிஞ்சும். டீசல் இன்னும் மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் ரிப்பேர் செலவு இந்தக் கணக்கில் இல்லை. பழைய ஆட்டோமேட்டிக்கில் பெரிய செலவு வருவது அந்தப் பக்கத்திலிருந்துதான்.

அடுத்து கியர்பாக்ஸ். "ஆட்டோமேட்டிக்" என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே இருப்பது வேறு வேறு. 2014 இல் செலேரியோவோடு இங்கே வந்த ஏஎம்டி, சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை உங்கள் காலுக்குப் பதில் ஒரு மோட்டாரோ ஹைட்ராலிக் அமைப்போ மிதிக்கிறது, அவ்வளவே. கிளட்ச் பிளேட் தேயும். நெரிசலில் ஊர்ந்தால் சீக்கிரம் தேயும். டார்க் கன்வெர்ட்டரில் அந்த வேலையை எண்ணெய் செய்வதால் ஊர்வதைத் தாங்கும். பெல்ட்டில் ஓடும் சிவிடி இந்தியாவில் ஏறக்குறைய பெட்ரோலுக்கு மட்டுமே வந்தது. 2018 ஹோண்டா அமேஸ் டீசல் ஒரு விதிவிலக்கு.

சின்ன பட்ஜெட்டில் டீசல் ஆட்டோமேட்டிக் தேடினால் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஏஎம்டி: டிசையர், பிரெஸ்ஸா, நெக்ஸான். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலையே நிறுத்திவிட்டது, ஆக அந்த வண்டிகள் எல்லாமே வயதானவை. கிரெட்டா மாதிரி டார்க் கன்வெர்ட்டர் டீசல் வேண்டுமென்றால் விலை ஒரு படி மேலே. அதாவது எரிபொருளை முதலில் முடிவு செய்தால், கியர்பாக்ஸை உங்களுக்காக சந்தை முடிவு செய்துவிடும்.

மூன்றாவது, கி.மீ.யின் தரம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 டீசல்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை வண்டியே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு எஞ்சின் நன்றாகச் சூடாகி, பதினைந்து இருபது நிமிடம் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். கடலூர் முதுநகர் தாண்டி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாக சிதம்பரம் வரை தினமும் போகிற வண்டிக்கு அது கேட்காமலே கிடைக்கும். நான்கு தேர் வீதிகளுக்கும் அண்ணாமலை நகருக்கும் நடுவிலேயே சுற்றுகிற வண்டிக்குக் கிடைக்காது. மஞ்சக்குப்பம்–திருப்பாதிரிப்புலியூர் வண்டிக்கும் அப்படித்தான். ஃபில்டர் அடைத்து, மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் செலவு ஐந்து இலக்கத்துக்குக் குறையாது. 400 கி.மீ. ஆசாமியின் சில வருட மிச்சம் அங்கேயே போய்விடும்.

இங்கேதான் பழைய விதி தலைகீழாகிறது. "டாக்டர் ஓட்டின வண்டி சார், 28,000 தான் ஓடியிருக்கு" என்பார்கள். பெட்ரோலில் அது நல்ல செய்தி. டீசலில் இரண்டு சந்தேகம் வர வேண்டும். டீசல் எடுத்தவர் நிறைய ஓட்டத்தானே எடுத்திருப்பார், மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா? சர்வீஸ் பதிவுகளை வருடவாரியாக ஒத்துப்பாருங்கள். மீட்டர் உண்மை என்றால், அந்த 28,000 மும் ஊருக்குள் இரண்டு இரண்டு கி.மீ.யாகவே ஓடியதா? ஒரு லட்சம் கி.மீ. நெடுஞ்சாலையில் ஓடி, ஒழுங்காக எண்ணெய் மாற்றிய டீசலை இதைவிட நம்பலாம்.

ஆகவே என் வரிசை இது. முதலில் கியர்பாக்ஸ், பிறகு வழக்கமான பாதை, கடைசியில் எரிபொருள். ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு பெட்ரோலில் சிவிடி அல்லது டார்க் கன்வெர்ட்டர்; பட்ஜெட் இடிக்கிறதென்றால் பெட்ரோல் ஏஎம்டி, ஆனால் கிளட்ச் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். தினமும் கடலூர்–சிதம்பரம் போய்வருகிறவருக்கு டார்க் கன்வெர்ட்டர் டீசல் இன்றும் சரியான வண்டி. டிபிஎஃப் பயம் வேண்டாம் என்று ஊருக்குள் ஓட்ட பிஎஸ் 4 டீசல் ஏஎம்டி எடுப்பது எனக்கு உடன்பாடில்லை. ஃபில்டர் தொல்லை இல்லாமல் போகலாம். வயதும் கிளட்ச்சும் கூடவே வரும்.

மாசம் எவ்வளவு ஓட்டுவீங்க என்று உங்களைக் கேட்பவரிடம், எங்கே ஓட்டுவேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விற்பவரிடமும் அதையே கேளுங்கள்: "எவ்வளவு ஓடிச்சு என்பது இருக்கட்டும், எங்கே ஓடிச்சு?"