வளர வேண்டியது ரப்பர்

265/70 ஆர்16 டயர் ஒன்றையும் 265/50 ஆர்20 டயர் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். முதலாவதன் உயரம் ஏறத்தாழ 777 மி.மீ., இரண்டாவது 773. அகலமும் ஒன்றே. எதை மாட்டினாலும் வண்டி தரையை விட்டு எழும்பி நிற்பதில் பேதம் தெரியாது. ஆனால் ஒன்றின் சைடுவால் 185.5 மி.மீ.; மற்றதன் சைடுவால் 132.5. இந்த 53 மில்லிமீட்டரில்தான் ஒரு பிக்கப்பின் குணமே இருக்கிறது. பெரிய வீல் போடலாமா என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எது பெரிதாக வேண்டும், ரிம்மா ரப்பரா?

பிக்கப்பின் பின்பக்க லீஃப் ஸ்பிரிங் ஒரு டன் பாரத்தை மனதில் வைத்துக் கட்டியது. நம்மில் பெரும்பாலோர் சரக்குத் தொட்டியைக் காலியாக வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறோம். காலி வண்டியில் அந்த ஸ்பிரிங் அசைந்து கொடுக்காது. சாலையில் ஒரு பள்ளம் வந்தால் முதலில் வளைவது சைடுவால்தான். அது உயரமாக இருந்தால் அடி அங்கேயே கரைந்துவிடும். குட்டையாக இருந்தால் அடி நேராக ரிம்முக்கும், அங்கிருந்து முதுகெலும்புக்கும் போகும். ஷாக் அப்சார்பருக்கு லட்சம் செலவழிக்கிறவர்கள், நாலு மூலையிலும் காற்று அடைத்த ஸ்பிரிங் ஒன்று ஏற்கெனவே இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

காற்றை இறக்கினால்தான் அதன் முழு அழகும் தெரியும். தேரிக்காட்டுச் செம்மணலில் 35 பி.எஸ்.ஐ. காற்றோடு வண்டியை விட்டால் முன்சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டும். 18-க்கு இறக்குங்கள். 16 அங்குல ரிம்மில் உட்கார்ந்த உயரமான டயர் தொப்பை சரிந்தது போலப் பக்கவாட்டில் பிதுங்கும். ஆனால் அந்தப் பிதுக்கம் வெறும் பக்க விளைவு. தரையைத் தொடும் தடம் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் வளர்கிறது. அந்த நீளம்தான் வண்டியை மணலுக்கு மேலே மிதக்க விடுகிறது. இதே காற்றை 20 அங்குல ரிம்மில் இறக்கிவிட்டு ஒரு கல்லில் ஏற்றினால், கல்லுக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவில் டயர் நசுங்கிக் கிழியும். 132 மி.மீ. ரப்பரில் இறக்குவதற்கு இடமில்லை.

அடித்து ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட வண்டிகளைப் பாருங்கள். ஃபோர்டு ராப்டர் 2010 மாடலாக வந்தபோது அதன் டயர் 315/70 ஆர்17, அதாவது 35 அங்குலம். 2021-இல் மூன்றாம் தலைமுறை வந்தபோது 37 அங்குல டயரையும் கேட்டு வாங்கலாம் என்றார்கள். டயர் இரண்டு அங்குலம் வளர்ந்தது. ரிம் அதே 17-இல் நின்றது. ராப்டர் பிறந்த அதே எஃப்-150 குடும்பத்தில், நகரச் சாலைக்கான ஆடம்பர மாடல் லிமிடெட் 22 அங்குல ரிம்மில் வந்தது. பாஹா பாலைவனப் பந்தயத்தின் டிராஃபி டிரக்குகள் 39, 40 அங்குல டயர்களில் பறக்கின்றன. அவற்றின் ரிம்மும் 17தான். 'பெரிய பிரேக் வேண்டுமென்றால் பெரிய ரிம் வேண்டும்' என்ற வாதத்துக்கு இதுவே பதில். 450 குதிரைசக்தி ராப்டரின் பிரேக் 17-க்குள் அடங்கும்போது, நம் ஊர் டீசல் பிக்கப்புக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

இந்த ரசனையின் உச்சம் ஐஸ்லாந்தில் இருக்கிறது. ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனத்துக்காக நோக்கியன் செய்த ஹக்கபெலிட்டா 44 டயரின் அளவு 475/70 ஆர்17. சைடுவால் மட்டும் 332 மி.மீ., ஓர் அடிக்கும் மேல். பனிப்பாறை மேல் போகும்போது அங்கே காற்றை இரண்டு, மூன்று பி.எஸ்.ஐ. வரைக்கும்கூட இறக்குகிறார்கள். அந்த வண்டிகளின் படத்தைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் மயங்குவது உயரத்தில். நான் மயங்குவது அந்தச் சின்ன ரிம்மில்.

20 அங்குலத்தை விரும்புகிறவர்கள் சொல்வதில் ஒன்று உண்மை. தேசிய நெடுஞ்சாலையில் ஸ்டியரிங்கைத் தொட்டதும் வண்டி திரும்பும் கூர்மை அவர்களுடையது. மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில் என் உயரமான சைடுவால் ஒரு கணம் யோசித்துத்தான் திரும்பும். அந்தக் கணத்தை நான் மனமார விட்டுக்கொடுக்கிறேன். ஆஃப்செட்டைக் குறைத்து டயரை மட்கார்டுக்கு வெளியே தள்ளி நிறுத்தும் ரசனையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பேரிங்குக்கு அது கூடுதல் சுமை, ஸ்டியரிங்கைக் குழிகள் பிடித்து இழுக்கும், கிளம்பும் சேறெல்லாம் கதவில். மட் டெரெய்ன் டயரை அன்றாடம் தார்ச்சாலையில் உறும விடுகிறவர்களுக்கும் சொல்வேன்: நல்ல ஆல் டெரெய்ன் போதும், மழைச்சாலையில் அது உங்களைக் காப்பாற்றும்.

சைடுவால் உயரமாக இருந்தால் மட்டும் போதாது, வளையவும் வேண்டும். 'எல்.டி.' என்று அச்சிட்ட 265/70 ஆர்17 பத்து பிளை டயர், 121 லோடு இண்டெக்ஸில் ஒன்றுக்கு 1450 கிலோ தாங்கும். நாலும் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஆறு டன். காலித் தொட்டியோடு ஓடும் வண்டிக்கு அதை மாட்டினால் கட்டைவண்டி போல் இடிக்கும். 255/60 ஆர்18-இலிருந்து அந்த அளவுக்குத் தாவினால் மீட்டரில் 100 என்று தெரியும்போது வண்டி 105-இல் போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொரு கியரும் அதே அளவு கனத்துப்போகும். ஆர்.சி. விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவையும் மனதில் வைத்துக்கொண்டு, கம்பெனி அளவை ஒட்டியே நிற்பது நல்லது.

வருத்தம் எனக்குக் கம்பெனிகள் மீதுதான். 2016-இல் இசுசு வி-கிராஸ் இங்கே வந்தபோது 245/70 ஆர்16-இல் வந்தது. பிறகு உயர்ந்த மாடலில் 255/60 ஆர்18 வந்தது. டயரின் மொத்த உயரம் 14 மி.மீ. கூடியது; சைடுவால் 18.5 மி.மீ. குறைந்தது. அதை எல்லாரும் முன்னேற்றம் என்று கொண்டாடினார்கள். பழைய மஹிந்திரா ஜீப்பின் 6.00-16 டயரை நினைத்துக்கொள்கிறேன். அகலம் ஆறு அங்குலம், சைடுவாலும் ஏறத்தாழ அவ்வளவே. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கல் பாதையில் இன்றும் ஜீப்புகள் ஊர்ந்து ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு, உயரமான ரப்பர் என்ன வேலை செய்கிறது என்று விளக்க வேண்டியதில்லை.

டயர் கடைகளும் மாறிவிட்டன. எங்கள் ஊரில் பெரியவர் ஒருவர் டயர் மாட்டுவார். புது டயரை நிறுத்தி வைத்து, கட்டைவிரலால் சைடுவாலை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார். "என்ன லோடு ஏத்துவீங்க தம்பி? எந்தப் பக்கம் ஓட்டுவீங்க?" இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் அவர் எதையும் விற்றதில்லை. இன்றைக்குப் பல கடைகளில் கைபேசியில் அலாய் வீல் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டுகிறார்கள். வண்டி எங்கே போகும் என்று கேட்பதற்கு ஆளில்லை.

ஷோரூமுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டொயோட்டா ஹைலக்ஸின் ஆரம்ப மாடல் 265/65 ஆர்17-இல் வருகிறது. விலை கூடிய மாடல் 265/60 ஆர்18-இல். இரண்டுக்கும் மொத்த உயரம் ஒன்றுதான் என்றே சொல்லலாம். ஆரம்ப மாடலின் சைடுவால் 13 மி.மீ. கூடுதல். நல்ல ரப்பரைக் குறைந்த விலை வண்டிக்குக் கொடுத்துவிட்டு, கூடுதல் பணம் கொடுப்பவருக்குக் கூடுதல் உலோகத்தைக் கொடுக்கிறார்கள். உயர்ந்த மாடலையே வாங்குங்கள், தவறில்லை. ஆனால் அந்த 17 அங்குல ரிம்மைக் கேளுங்கள். தரமாட்டோம் என்றாலும் கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால்தான் அடுத்த மாடலை வரைகிறவர்களின் மேசைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரும்.