வண்டி கொள்ளாத கதிர்

குதிரை வண்டியில் ஒரே ஒரு மக்காச்சோளக் கதிர். அதற்கே இடம் போதவில்லை.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், ஒட்டாவா என்ற சிற்றூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த வில்லியம் எச். மார்ட்டின் 1908 வாக்கில் இப்படிப்பட்ட தபால் அட்டைகளை அடித்து விற்கத் தொடங்கினார். கத்தரிக்கோலும் பசையும்தான் கருவி. வண்டியை ஒரு படம், கதிரைக் கிட்டத்தில் வைத்து இன்னொரு படம். பெரிதாக்கி, வெட்டி, ஒட்டி, மறுபடி படம் பிடித்தால் சட்டென்று ஒட்டுத் தெரியாது. உற்றுப் பார்த்தால் இந்த வகை அட்டைகளில் எங்காவது நிழல் காட்டிக்கொடுத்துவிடும். எனக்குப் பிடித்ததே அந்த இடம்தான். வறட்சியும் வெட்டுக்கிளியும் கண்ட சமவெளியிலிருந்து 1 சென்ட் தபால்தலையில் இந்தப் புளுகு ஊர் ஊராகப் போனது.

அட்டையின் மூலையில் பொடி எழுத்தில் பதிப்புரிமை வரி இருக்கும். அது காலாவதியாகி வெகுகாலமாயிற்று. படம் இப்போது பொதுச்சொத்து. இருந்தும் யாராவது ஒருவர் பழைய அட்டையை ஸ்கேன் செய்து, குறுக்கே தன் பெயரைப் போட்டு, உரிமை தன்னுடையது என்பார். தட்டையான படத்தை அப்படியே பிரதி எடுப்பதால் புது உரிமை பிறக்காது என்று பிரிட்ஜ்மன் - கோரல் வழக்கில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 1999-இலேயே சொல்லிவிட்டது. அட்டையை வாங்கியவருக்கு அட்டைதான் சொந்தம். ஸ்கேன் செய்ய மெனக்கெட்டது வாஸ்தவம். அதற்குக் கூலி கேட்டால் கொடுக்கலாம். கதிருக்கு வாரம் கேட்பதுதான் மார்ட்டினின் புளுகையும் மிஞ்சுகிறது.