கல் விலங்குகளும் மக்கள் அன்பும்: மலையகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

கலைப் படைப்பொன்றின் மீது மக்கள் கொள்ளும் அன்பு எங்கிருந்து பிறக்கின்றது என்ற வினா அழகியலாளருக்கு மாத்திரம் உரியதன்று. அது சமூக வரலாற்றின் வினாவுமாகும். நூலகம், வங்கி, ஆலயம் ஆகியவற்றின் முன்னால் நிற்கும் விலங்குச் சிலைகள் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற சான்றுகளாகும். கட்டடத்தை எழுப்பியவரின் பெயரைப் பலர் அறியார். வாயிற் சிங்கத்தின் பெயரையோ குழந்தையும் அறியும். இவ்வன்பின் அடிப்படையைத் தெளிவுபடுத்தி, அதன் ஒளியில் நமது மலையகத்தின் நிலையை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விடயத்தில் இரு தவறான பார்வைகள் உள. அன்பு முழுவதும் சிலையின் வடிவழகிலிருந்தே ஊறுகின்றது என்பது கருத்துமுதல்வாதிகளின் கூற்று. ஆளும் வர்க்கம் நிறுத்திய கல்லை வணங்குவது வெறும் மயக்கமே என்பது யாந்திரிகப் பொருள்முதல்வாதத்தின் கூற்று. முன்னையது மக்களை மறந்துவிடுகின்றது. பின்னையது மக்களை மூடராக்கிவிடுகின்றது.

நியூயோர்க் பொது நூலகத்தின் முன்னுள்ள இரு சிங்கங்களை எடுத்துக்கொள்வோம். எட்வேர்ட் கிளார்க் பொட்டர் என்ற சிற்பி வடிவமைத்த இவை 1911 ஆம் ஆண்டு நிறுவப்பட்டன. சலவைக்கல்லில் அவற்றைச் செதுக்கியோர் இத்தாலியிலிருந்து குடிபெயர்ந்து வந்த பிச்சிரில்லி சகோதரர்கள். தொடக்கத்தில் இச்சிங்கங்கள் அஸ்டர், லெனொக்ஸ் என்னும் புரவலர்களின் பெயராலேயே அழைக்கப்பட்டன. 1930களின் பெரும் பொருளாதார நெருக்கடியின்போது நகர மேயர் லா கார்டியா அவற்றுக்குப் 'பொறுமை', 'மனவுறுதி' எனப் பெயரிட்டார். வேலையிழந்து நின்றோரிடம் பொறுமையை வேண்டுவது ஆட்சியாளருக்கு வசதியான அறநெறியே. ஆயினும் நகர மக்கள் அப்பெயர்களைத் தமதாக்கிக்கொண்டனர். அந்நூலகத்தின் படிக்கட்டில் எவரும் அமரலாம். வாசிகசாலையினுள் எவரும் செல்லலாம். புரவலரின் சிங்கங்கள் மக்களின் சிங்கங்களானமைக்கு இவ்வுரிமையே காரணமெனலாம்.

ஹொங்கொங்கின் சான்று மேலும் கூர்மையானது. ஹொங்கொங் ஷங்ஹாய் வங்கியின் முன்னால் 1935 இல் நிறுவப்பட்ட இரு வெண்கலச் சிங்கங்கள், ஸ்டீபன், ஸ்டிட் என்னும் வங்கி மேலாளர் இருவரின் பெயரைத் தாங்கியவை. குடியேற்ற நாட்டில் நிதி மூலதனம் தன்னையே சிங்கமாக வார்த்துக்கொண்டது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அவற்றை உருக்குவதற்காகக் கொண்டுசென்றனர். உருகாமல் தப்பிய அவை 1946 இல் மீண்டன. போர்க்கால வடுக்கள் இன்றும் அவற்றின் உடலிற் காணப்படுகின்றன. வழிப்போக்கர் நல்வாய்ப்பு வேண்டி அவற்றின் பாதங்களைத் தடவிச் செல்கின்றனர். வங்கியின் இலாபத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. ஆனால் சிங்கம் பட்ட காயத்தில் தம் நகரம் பட்ட காயத்தை அவர்கள் காண்கின்றனர். அன்பைப் பெறுவது மேலாளரின் பெயரன்று, பொதுவில் அனுபவித்த துயரமேயாகும்.

தமிழ் மரபு இவ்வுண்மையைக் கதையாகவே கூறியுள்ளது. மதுரைக் கோயில் விமானத்தைத் தாங்கும் கல் யானைகளுள் ஒன்றுக்குச் சித்தர் கரும்பூட்டிய கதை, திருவிளையாடற் புராணத்தில் தனியொரு படலமாக அமைந்துள்ளது. கல்லை யானையாக்கும் ஆற்றல் அரசனிடம் இல்லை. எங்கிருந்தோ வந்த பரதேசியிடமே அது உண்டு. உயிர்பெற்ற யானை அரசனின் முத்துமாலையையும் பறித்துவிடுகின்றது. இறுதியில் அரசன் வரம் பெற்று மீள்வதால் கதை அதிகாரத்தோடு சமரசம் செய்துகொள்கின்றது என்பது உண்மையே. எனினும், அரசனுடைய கல்லுக்கு உயிர் கொடுப்பது அரசனல்லாதவனே என்ற கருத்து அங்கு அழியாது நிற்கின்றது. மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தோட்டங்களுக்கு வந்த மக்களின் முன்னோர் வாழ்ந்த கதையுலகம் இதுவே.

அம்மக்கள் வந்து சேர்ந்த மலைகளிலே விலங்கின் உருவம் எவ்வாறு நின்றது? நுவரெலியாவில் 1876 இல் தோட்டத் துரைமாருக்கென அமைந்த ஹில் கிளப்பின் சுவர்களில் வேட்டையாடப்பட்ட விலங்குகளின் தலைகள் தொங்குகின்றன. இவை வாயிலில் நின்று வழிப்போக்கரை வரவேற்பன அல்ல. அங்கத்தவருக்கு மாத்திரம் உள்ளே காட்டப்பட்ட வெற்றிச் சின்னங்கள். காட்டை அழித்துக் கோப்பியும், 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலையும் பயிரிட்ட பொருளாதாரத்தின் கலை வடிவம் இதுவெனலாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவரெனக் கூறப்படும் மேஜர் ரொஜர்ஸ் 1845 இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவரது கல்லறையையும் இடி தாக்கியது என்ற கதை இன்றும் வழங்குகின்றது. அக்கதை மெய்யோ பொய்யோ, அது மக்கள் வழங்கிய தீர்ப்பாகும். அன்பு செலுத்த இடமில்லாதவிடத்து மக்களின் கற்பனை நீதியைத் தேடுகின்றது.

தோட்ட மக்கள் அன்பு செலுத்திய விலங்குருவங்கள் வேறிடத்தில் இருந்தன. லயங்களுக்கு அருகே, தம் சம்பளத்திலிருந்து கொடுத்த பணத்தில் எழுப்பிய மாரியம்மன் கோயிலிலே அம்மனின் சிங்கமும் முருகனின் மயிலும் நின்றன. அவற்றுக்கு வர்ணம் பூசியதும், திருவிழாவில் தோளிற் சுமந்ததும் கொழுந்து பறித்த, கவ்வாத்து வெட்டிய கைகளும் தோள்களுமே. நகரத்தவர் சிங்கத்தின் பாதத்தைத் தடவுவதைப் பண்பாடென்று போற்றும் கலை விமர்சனம், இவ்வாகனங்களைக் கலைப்பொருளாகக் கணக்கெடுப்பதில்லை. சிற்பியின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்படாமை இதற்குக் காரணமாகக் காட்டப்படலாம். உண்மைக் காரணம் அவை நிற்கும் நிலமாகும். அந்நிலம் முன்னர் தோட்ட உரிமையாளருடையது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுக்குச் சென்றது. 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு உட்பட்டது. சிங்கத்தைச் சுமந்தவனுக்குச் சிங்கம் நிற்கும் மண் உரித்தாகவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடும் அவனுக்கு உரித்தற்றுப் போயிற்று.

சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, 'தேயிலைத் தோட்டத்திலே' எனச் சக்தீ பாலஐயா தமிழாக்கிய கவிதை நூலை இப்பின்னணியில் மீண்டும் வாசித்தல் வேண்டும். தேயிலைச் செடியின் கீழ் மண்ணாகிப் போனவர்களுக்கு நினைவுச் சின்னம் ஏதுமில்லை என்பதே அதன் அடிநாதம். இதனை வெறும் கழிவிரக்கமாக வாசிப்போர் அதன் அரசியலைத் தவறவிடுகின்றனர். கவிஞர் கல்லொன்றுக்காக ஏங்கவில்லை. கல்லை நாட்டுவதற்கு உரிமையான நிலம் இல்லாமையையே சுட்டுகின்றார்.

மலையக வருகையின் இருநூறாம் ஆண்டாகிய 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நிகழ்ந்தது. அதன் பின்னர் நினைவுச் சின்னங்கள் பற்றிய பேச்சும் வலுத்துள்ளது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ சிலையொன்று எழுமாயின் அதனை நாம் வரவேற்போம். ஆனால் கூடை சுமந்த பெண்ணைச் சுற்றுலாப் பயணிகளின் ஒளிப்படத்துக்காகக் கல்லாக்கி நிறுத்துவது ஹில் கிளப்பின் சுவரில் இன்னொரு தலையை மாட்டுவதற்கு ஒப்பானது. நகரச் சிங்கங்களின் வரலாறு உணர்த்தும் பாடம் ஒன்றே: சிலையை அன்புக்குரியதாக்குவது கல்லன்று, அதன் முன்னால் உட்காரவும், அதைத் தொடவும், பெயரிட்டு அழைக்கவும் மக்களுக்குள்ள உரிமையே. எனவே மலையகத்தில் நினைவுச் சின்னம் பற்றிய வினா சிற்பியிடம் கேட்கப்படுவதற்கு முன்னர், காணியுறுதி வழங்க வேண்டியவர்களிடம் கேட்கப்படல் வேண்டும்.